யாரும் இறங்க வேண்டாம்

தலைக்கு மேலே ஒரு கதவு அளவுக்கு வானம் தெரிந்தது. அதன் விளிம்பெல்லாம் கெகில்லச் செடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். இடது மணிக்கட்டு என்னுடையதே இல்லை என்பதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வாய் நிறைய மண்.

முதலில் வலி தெரியவில்லை. குளிர்தான் தெரிந்தது. அப்புறம் வாடை. பல வருஷமாக அழுகிய இலையும், துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை.

மேலே ஆட்கள் ஓடி வரும் சத்தம். எங்கள் வேலையாள் அந்தோனியின் குரல் கேட்டது.

"மிஸ்! மிஸ்! இருங்க, நான் எறங்கி வர்றேன்!"

அடுத்த நொடியே சிங்களத்தில் ஜயந்தவின் குரல். அவர் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"பஹின்ன எபா! கவுருவத் பஹின்ன எபா!"

இறங்காதே. யாரும் இறங்க வேண்டாம்.

ஆறு வருஷமாக என்னோடு காடு மேடெல்லாம் நடந்த மனிதர், என்னைத் தூக்க வந்தவரைத் தடுக்கிறார். அந்தக் கிடங்குக்குள், அந்தப் பாழுங்குழிக்குள் நின்றபடி நான் அவரை வெறுத்தேன். அதை அவரிடம் பிறகு சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

"சர்வேயர் தொரை எங்க?"

போன வாரம் இந்தப் பத்தியில், கொடகவெலப் பக்கம் இடி மின்னலுக்குப் பயந்து, அளவைக் கண்ணாடி பொருத்திய பிரிசம் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் குந்தியிருந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஒரு பொம்பளைப் பிள்ளை இந்தக் காட்டில் எப்படிப் பயமில்லாமல் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

பயம் இருந்தது அம்மா. பயத்தைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம், அவ்வளவுதான்.

காணி அளக்கப் போகும் தோட்டத்திலெல்லாம் முதல் நாள் ஒரே கூத்துதான் நடக்கும். ஜீப்பிலிருந்து நாங்கள் மூன்று பேரும் இறங்குவோம். சனம் ஜயந்தவைப் பார்க்கும், அந்தோனியைப் பார்க்கும், பிறகு ஜீப்புக்குள் எட்டிப் பார்க்கும். "சர்வேயர் தொரை எங்க?" என்று கேட்கும்.

"நான்தாங்க" என்பேன்.

நம்பமாட்டார்கள். இறப்பர்ப் பால் வெட்டியவரின் மகள் நான் என்று சொன்னதும் இன்னும் கொஞ்சம் நம்பமாட்டார்கள். பிறகு யாராவது ஒரு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். அதோடு நான் அந்த லயத்து வரிசை வீடுகளின் பிள்ளை ஆகிவிடுவேன்.

ஜயந்த என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கஹவத்தைக்காரர். குச்சி போல் உடம்பு. பிரிசம் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் எது கம்பு, எது ஜயந்த என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நான் அவரை "ஜயந்த அய்யே" என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவேன். அவர் என்னை எல்லோர் முன்னாலும் "மிஸ்" என்பார். கோபம் வந்தால் மட்டும் "நங்கி" என்று தங்கையாக்கிவிடுவார்.

அவருக்குக் கோபம் வருவது இரண்டு விஷயத்துக்குத்தான். ஒன்று, மத்தியானச் சோற்றுப் பார்சலை யாராவது பிந்திக் கொண்டு வந்தால். மற்றது, நாங்கள் எழுதி வைத்த விதிகளை யாராவது மீறினால்.

எங்கள் விதிகள்

விதிகள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாதியை நான் எழுதினேன். மீதியை ஜயந்த ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு சேர்த்துக்கொண்டே வந்தார்.

காட்டுக்குள் யாரும் தனியே போகக் கூடாது. போகிற இடத்தையும் திரும்பும் நேரத்தையும் லயத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முன்னே நடப்பவர் நீளக் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கழுத்தில் விசில் தொங்க வேண்டும். இடி கேட்டால் கம்பைக் கீழே போட வேண்டும். இருபது மீட்டர் கயிறு எப்போதும் கூடவே வர வேண்டும்.

வாசனைப் பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் கூடாது. குளவி வரும். இந்த விதியால் அந்தோனிதான் அதிகம் கஷ்டப்பட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சென்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஜயந்த அவரை மோந்து பார்த்தார். நேரே ஓடைக்குக் கூட்டிப் போய், சட்டையோடு உட்கார வைத்து, சவர்க்காரம் போட்டு முதுகு தேய்த்துவிட்டார். அந்தோனி கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே குளித்தார்.

கடைசி விதி ஒன்று இருந்தது. கிடங்கிலோ கிணற்றிலோ யாராவது விழுந்தால், காற்றைச் சோதிக்காமல் இன்னொருவர் இறங்கக் கூடாது. அதை எழுதியது நான். பயிற்சியில் படித்ததை அப்படியே எழுதியிருந்தேன். எழுதும்போது, விழுந்து கிடப்பவரின் இடத்திலிருந்து அதை யோசித்துப் பார்த்ததில்லை.

சீப்பு வைக்கிற வெடிப்பு

நான் விழுந்த தோட்டம் ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறிப் போகிற பாதையில் இருந்தது. ஜீப் பாதி வழிதான் போகும். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நடை.

அங்கே ஒரு பழைய லயம். அதன் பின்னால் செங்குத்தான மண்மேடு. மேடு சரியக்கூடும், ஆட்கள் வெளியேற வேண்டும் என்று அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. வெளியேறி எங்கே போவது? ஒருவழியாகத் தோட்டம் ஒரு துண்டுத் தரிசு நிலத்தைத் தர ஒத்துக்கொண்டது. ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் வீதம் அதைப் பிரித்து வரைபடம் போடுவது எங்கள் வேலை.

புஷ்பம் அக்கா முதல் நாளே என்னைத் தன் காம்பரா அறைக்குக் கூட்டிப் போனார். கொழுந்து பறிப்பவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பின்சுவரில் ஒரு வெடிப்பு. அதை அவர் அலுமாரித் தட்டு மாதிரிப் பாவித்து வந்தார். சீப்பு, பற்பொடி, பிள்ளையின் பென்சில் எல்லாம் அதற்குள் இருந்தன.

"முந்தி சீப்பு கெட்டியா நிக்கும் மிஸ்," என்றார். "போன மழைக்கு அந்தப் பக்கமா விழுந்திருச்சு. வெளிய போய்த்தான் எடுத்துட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வெடிப்புக்குள் கை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் வெளிக்காற்று பட்டது.

அன்றைக்கு லயத்து வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஜயந்த வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். சுருக்கு வைத்திருக்கிறார்களா? குளவிக்கூடு எங்கே? அந்தக் காணியில் யாராவது எப்போதாவது மாணிக்கக்கல் தோண்டினார்களா? இரத்தினபுரி மாவட்டத்தில் இதைக் கேட்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது. கல் கிடைக்காவிட்டால் கிடங்கை மூடாமலே போய்விடுகிறவர்களும் உண்டு. மேலே கெகில்ல படர்ந்துவிடும். கம்பிச் சுருள் மாதிரி பின்னிப் பின்னி வளரும் செடி அது. அடியில் தரை இருக்கிறதா இல்லையா என்றே காட்டாது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார்கள் எல்லோரும்.

"அங்க அட்டை ஜாஸ்தி"

மூன்றாம் நாள் காலை. புஷ்பம் அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வழிகாட்ட வந்திருந்தார். ஜயந்த கீழே ஓடைப் பக்கம் கம்போடு போயிருந்தார். அந்தோனி சற்றுத் தள்ளிப் புதர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேட்டில் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தி, குறி பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பின் உச்சி தெரியவில்லை. நடுவில் கெகில்லப் புதர் மறைத்தது.

கயிறு? ஜீப்பில் கிடந்தது. அன்று காலை நான்தான், "இன்னைக்கு வெறும் தரிசுதானே, சும்மா எதுக்கு அந்தப் பாரம்?" என்று சொல்லி விட்டுவிட்டு வந்தேன்.

பத்து அடி இடது பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நகர்ந்தேன்.

"மிஸ், அந்தப் பக்கம் வேணாம்," என்றார் புஷ்பம் அக்கா. "அங்க அட்டை ஜாஸ்தி."

"அட்டைதானேக்கா, கடிச்சா கடிக்கட்டும்."

"இல்ல மிஸ், ரொம்ப ஜாஸ்தி. இந்தப் பக்கமா வாங்க. மிஸ்!"

கயிறும் இல்லை, கம்பால் தட்டிப் பார்க்கவும் இல்லை. தனியே நகர்ந்தேன். என் கைப்பட எழுதிய விதிகளில் மூன்றைப் பத்து அடிக்குள் மீறிவிட்டேன். நாலாவது அடியில் கெகில்ல என்னை ஒரு நொடி தாங்கியது. பிறகு விட்டுவிட்டது.

அந்தக் கிடங்கின் ஆழம் ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். பிறகு அளந்தேன். தொழில் புத்தி.

மேலேயிருந்து ஒரு குரல்

விசிலை ஊதியது எனக்கு ஞாபகமில்லை. ஊதினேனாம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஜயந்த ஓடையிலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

அவர் போட்ட கட்டளைகள் எனக்குக் கீழே கேட்டன. அந்தோனி ஜீப்புக்கு ஓட வேண்டும், கயிற்றுக்கு. புஷ்பம் அக்கா ஓடைக்கு அப்பால் இருக்கும் சிங்களக் கிராமத்துக்கு ஓட வேண்டும். அங்கே கல் தோண்டுகிறவர்கள் இருப்பார்கள், கயிறும் மெழுகுவர்த்தியும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். இருவரும் ஓடிவிட்டார்கள். பிறகு விளிம்பில் ஜயந்தவின் தலை மட்டும் தெரிந்தது. குப்புறப் படுத்திருந்தார்.

"நங்கி, ஆடாம நில்லு," என்றார் சிங்களத்தில். "சேத்தைக் கலக்காதே. அடியில கெட்ட காத்து இருக்கும்."

"ஏன் அந்தோனியை விடல?" என்று கத்தினேன். "நான் இங்கேயே சாகணுமா?"

அவர் விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என் அண்ணன் அப்படித்தான் எறங்கினார். கூட்டாளி ஒருத்தர் மயங்கி விழுந்தார்னு. அப்ப எனக்கு பதினாறு வயசு. மேலே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் வரல."

ஆறு வருஷத்தில் அவர் சொல்லாத விஷயம் அது. அவர் வீட்டுச் சாப்பாடு, மனைவியின் முட்டிவலி, மகளின் நடன வகுப்பு எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியாது.

நான் அதற்குப் பிறகு அசையவில்லை.

ஜயந்த சும்மா இருக்கவில்லை. கெகில்லயை வெட்டிக் கட்டாகக் கட்டினார். தன் பெல்ட்டையும் சட்டையையும் சேர்த்து முடிந்து, அந்தக் கட்டைக் கிடங்குக்குள் இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். உள்ளே காற்று அசைய வேண்டும் என்பதற்காக. என் தலையெல்லாம் இலை கொட்டியது. நடுநடுவே என்னைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டார்.

"ஏழு பேர்ச்சஸ் எத்தனை சதுர மீட்டர்?"

"நூத்தி எழுபத்தேழு."

"சரியா சொல்லு. சர்வேயர்தானே நீ?"

"நூத்தி எழுபத்தேழு புள்ளி... அய்யே, தலை வலிக்குது."

"வலிக்கட்டும். புள்ளிக்கு அப்புறம்?"

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓப்பநாயக்கப் பக்கம் மழை பிடித்தால் ஓடிவந்து பிடிக்கும். மேட்டுத் தண்ணீர் இறங்கினால் இந்தக் கிடங்குக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சரிவுகளை அளந்தவள் நான்தானே. ஜயந்தவும் வானத்தைப் பார்த்தார். பிறகு இலைக் கட்டை இன்னும் வேகமாக ஏற்றி இறக்கினார்.

மெழுகுவர்த்தி

முதலில் வந்தது கிராமத்து ஆட்கள். நாலு பேர். அவர்களில் மூத்தவர் குணபால. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடங்கைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ஒரு தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி நூலில் இறக்கினார்.

அந்தச் சுடர் இறங்கி வந்ததை நான் எப்படி மறப்பேன்? பாதி வழியில் சிறுத்தது. இன்னும் சிறுத்தது. என் முகத்துக்கு நேரே வந்தபோது ஒரு நெல்மணி அளவுக்கு இருந்தது. அணையவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், என் மூச்சு பட்டு அணைந்துவிடுமோ என்று.

"எரியுதா?" என்று குணபால கேட்டார்.

"எரியுது."

"அப்ப காத்து இருக்கு, அவசரப்படலாம்," என்றார்.

கயிற்றில் சுருக்கு விழாத வளையம் போட்டு இறக்கினார்கள். ஒரு கையால் அதைத் தலை வழியே போட்டுக் கக்கத்துக்குக் கீழே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. மேலே மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் கயிறு ஓடும்படி வைத்து இழுத்தார்கள். "கையைத் தூக்காதே, தூக்கினா நழுவிருவே!" என்று ஜயந்த கத்திக்கொண்டே இருந்தார். யாரும் உள்ளே இறங்கவில்லை.

மேலே வந்து விழுந்தபோது முதலில் பார்த்தது, சட்டையில்லாமல் விலா எலும்பு தெரிய நின்ற ஜயந்தவை. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் தலையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு தள்ளிப் போய் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தோனி கயிற்றோடு வந்து சேர்ந்தபோது மழை தொடங்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, நான் உயிரோடு இருப்பதைப் பார்த்து அழுதார். பிறகு, அவ்வளவு தூரம் ஓடியது வீணாகிவிட்டதே என்றும் கொஞ்சம் அழுதார்.

ரொட்டியும் கட்டசம்பலும்

டவுன் ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, நெஞ்சுச் சளிக்காக மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் புஷ்பம் அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டசம்பலும் கொண்டுவந்திருந்தார். கட்டிலோரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மிஸ், எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அங்க கெடங்கு இருக்குன்னு. எனக்கு மட்டும் இல்ல, லயத்துல எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். கெடங்குன்னு சொன்னா இந்தக் காணியும் போயிரும்னு பயந்தோம் மிஸ்."

"நான் செத்திருந்தா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

புஷ்பம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள அந்தப் பக்கம் விடக்கூடாதுன்னுதான் கூடவே வந்தேன். அட்டை ஜாஸ்தின்னு சொன்னேன். நீங்க அட்டைக்கும் பயப்படலையே மிஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை வலித்தது. வலியில் கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவரும் அழ, தாதி வந்து இருவரையும் அதட்டினார்.

கோபம் போகவில்லை. ஆனால் அந்தச் சுவர் வெடிப்புக்குள் விட்ட கையும் என்னுடையதுதானே? இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கிறவர் நானாக இருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, கெடங்கை நான் வரைபடத்துல போட்டே ஆகணும்," என்றேன். "போடலைன்னா நாளைக்கு யாரோ அதுக்கு மேல வீடு கட்டுவாங்க."

"போட்டா காணி போயிரும்."

"தெரியல. கேட்டுப் பாப்போம்."

அக்கா பொட்டலத்தை அவிழ்த்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்து என் வலது கையில் வைத்தார். "மொத்தம் அஞ்சு இருக்கு," என்றார். "நான் காட்டுறேன்."

கெட்டி மண்

மாவுக்கட்டோடு திரும்பிப் போனேன். புஷ்பம் அக்கா நீளக் கம்போடு முன்னே நடந்தார். ஒவ்வொரு கிடங்கையும் காட்டினார். லயத்து ஆட்கள் பத்துப் பேர் பின்னால் வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கெகில்லயை வெட்டி, மூங்கில் வேலி போட்டு, மஞ்சள் நாடா கட்டினோம். இந்தத் தடவை கயிறு என் தோளில் இருந்தது.

அந்தத் துண்டு நிலம் குடியிருக்க ஆகாது என்றுதான் என் அறிக்கை சொன்னது. அதன்மேல் ஒரு கூட்டம் வைத்தார்கள். அப்படியானால் திட்டத்தையே விட்டுவிடலாம் என்றார் ஒரு அதிகாரி. உண்மையை மறைத்தவர்களுக்கு எதற்குக் காணி என்றார் இன்னொருவர்.

புஷ்பம் அக்கா எழுந்தார். நல்ல சிங்களத்தில் பேசினார்.

"மறைச்சது தப்புத்தான். நாங்க பொய் சொன்னப்ப காணி தந்தீங்க. இப்ப உண்மையச் சொல்லிட்டோம். இப்ப எடுத்துக்கிட்டா, அடுத்த தோட்டத்துக்காரங்க என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

தோட்டத்து மேலாளரான துரை வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஓடைக்கு இந்தப் பக்கம் பால் வற்றிய பழைய இறப்பர் மலை ஒன்று இருக்கிறது, அதை ஆராய்ந்து பாருங்கள் என்றார்.

அப்படிச் சொன்னதற்கும், கடிதங்கள் மேசை மேசையாகப் போய்வந்து நாங்கள் அளக்கத் தொடங்கியதற்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நல்லவேளையாக மண்மேடு பொறுத்துக்கொண்டது. அந்த நிலத்தை இரண்டு முழு நாள் கம்பால் குத்திக் குத்தி நடந்தோம். குணபாலவையும் கூட்டி வந்தோம். கிடங்கு ஒன்றும் இல்லை.

எல்லைக்கல் போட்ட அன்று வெயில். பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து தங்கள் துண்டில் நின்றார்கள். புஷ்பம் அக்கா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு கல்லையும் தொட்டுப் பார்த்தார். நடுவில் வந்து நின்றார்.

"இது கெட்டி மண்தானே மிஸ்?"

"கெட்டி மண்தான்க்கா."

அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இருந்த இடத்திலேயே எம்பிக் குதித்தார். ஒரு தடவை. பிறகு இன்னும் பலமாக. பிள்ளைகள் இரண்டும் குதித்தன. பக்கத்துத் துண்டில் நின்ற கிழவர் ஒருவர் குதித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த மலை முழுக்க, அவரவர் ஏழு பேர்ச்சஸில் நின்று சனம் குதித்துக்கொண்டிருந்தது.

"ஏய், கல்லெல்லாம் அசைஞ்சிரும்! பொறுங்க!" என்று ஜயந்த சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். யாரும் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தானும் ஒரு தடவை குதித்தார்.